சலவைக்கடைக்கு வந்த புகார்

இப்போதெல்லாம் புகார் சொல்ல வேண்டுமென்றால் கைபேசியில் நாலு தட்டு தட்டினால் போதுமாம். என் மகன் சொல்கிறான். தட்டட்டும், நன்றாகத் தட்டட்டும். எங்கள் காலத்தில் புகார் என்றால் ஒரு மனிதக் குரல் இன்னொரு மனிதக் குரலிடம் சொல்வது. அதிலும் சில வருஷம் இந்த ஊர்ப் புகாரெல்லாம் அரசாங்கத்துக்குப் போகாமல் எங்கள் சலவைக்கடைக்கு வந்துகொண்டிருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்கா இருந்தால் சாட்சி சொல்லியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

கடை ஒன்றும் பெரிதில்லை. முன்னால் ஒரு மேசை, பின்னால் இரண்டு துவைக்கும் இயந்திரம், நடுவில் இஸ்திரி போடும் நீளப் பலகை. காலையில் ஆவி கிளம்பினால் சுவரெல்லாம் வேர்க்கும். சோப்பும் கஞ்சியும் சூடான துணியும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அதை இன்று எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. தெருவில் போகும்போது ஏதாவது வீட்டில் இஸ்திரி வாசனை வந்தால் நான் அப்படியே நின்றுவிடுகிறேன். "என்னம்மா வேணும்?" என்று எட்டிப் பார்க்கிறார்கள். என்ன சொல்வது? எனக்கு என் அக்கா வேணும் என்றா?

அக்காவின் இடம் அந்த மேசைதான். மேசைமேல் விரலை விட்டுச் சுழற்றுகிற பழைய கருப்புப் போன். எதிர்முனையில் பேசுவது பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கும் கேட்கும், அவ்வளவு சத்தம். அக்கா வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அதனால் போனை அவள்தான் எடுக்க வேண்டும் என்று அப்பா இருந்தபோதே சட்டம். வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்த பெயர் கஞ்சி. அவ்வளவு விறைப்பாம் நான்! விறைப்பாக இல்லாவிட்டால் கடன் சொல்லியே கடையைக் கரைத்திருப்பார்கள், அதை எவனும் பேச மாட்டான்.

ஒரு வருஷம் திடீரென்று கோணல்மாணலான அழைப்புகள் வர ஆரம்பித்தன. அக்கா பின்கட்டில் இருந்தபோது நான் எடுத்தது ஒன்று.

"ஹலோ, ஒரு புகார் சொல்லணும்."

"சொல்லுங்க. எது போகல, கறையா?"

"கறையா? எங்க தெரு ஓட்டல்ல ஒரு பத்து வயசுப் பையன் தட்டு கழுவுறான்ங்க."

"தட்டெல்லாம் நாங்க கழுவுறதில்லைங்க. துணி மட்டுந்தான்."

"என்னம்மா கிண்டலா? இதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

"எனக்கு எவன்யா சம்பளம் குடுக்குறான்!" என்று கத்திவிட்டு வைத்தேன். ஊரில் பைத்தியம் அதிகமாகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "உன்கிட்டப் பேசுனதுக்கப்புறம் அதிகமாயிருக்கும்" என்றாள்.

பிறகு ஒரு நாள் காலையில் அந்த அழைப்பு வந்தது. அக்கா எடுத்தாள். அவள் கடையின் பெயரைச் சொல்லி எடுக்கிற வழக்கமே கிடையாது. "வணக்கம், சொல்லுங்கம்மா" என்பாள், அவ்வளவுதான். எதிர்முனையில் ஒரு பெண்குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அடங்கிப் பேசியது.

"அக்கா, இங்க சின்னது ஒண்ணு இருக்கு. வந்து எடுத்துட்டுப் போறீங்களா?"

"வர்றோம்மா. ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்க்கா. கனமே இருக்காது."

"ரொம்ப அழுக்கா?"

"என்னால முடிஞ்ச வரைக்கும் கழுவித்தான் வெச்சிருக்கேன்."

"கிழிசல் ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல. கையில மட்டும் இஸ்திரிப்பெட்டி பட்டுடுச்சு."

சட்டைக் கை தீய்ந்துபோய் எங்களிடம் வராத வாரம் உண்டா? அக்கா அடுத்த கேள்விக்குப் போனாள். "எந்தக் கை?"

"வலது கை."

"சுருங்கியிருக்கா?"

"ஆமாக்கா. வந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ரொம்பச் சுருங்கிப் போச்சு."

"கவலைப்படாத. எங்ககிட்ட வந்தா சரியாயிடும்."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நெசமாவாக்கா?"

"பின்ன? அதுக்குத்தான நாங்க இருக்கோம்."

டாக்டர் வீடு, பின்பக்கக் கதவு, மதியம் எல்லாரும் படுத்திருக்கும் நேரம் என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் போனை வைத்தது. அக்கா என்னைப் பார்த்தாள். "டாக்டர் வீட்டு வேலைக்காரப் பொண்ணு போல. சட்டையைத் தீய்ச்சுட்டுப் பயந்து கெடக்கு, பாவம். நீ போய் எடுத்துட்டு வா. திட்டாத."

டாக்டர் என்றால் யாரோ இல்லை, எங்கள் குடும்ப டாக்டர். அப்பாவுக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்தவர். அவருடைய வெள்ளைக் கோட்டெல்லாம் எங்கள் கடையில்தான் வெளுக்கும். அதனால் தெரிந்த வீடுதானே என்று துணிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன்.

பின்கதவை ஒரு பெண் திறந்தாள். என் தோளுக்கும் கீழேதான் இருந்தாள். அவள் பக்கத்தில் ஏழு வயது மதிக்கலாம், ஒரு குட்டிப்பெண். தலை படிய வாரி, முகம் கழுவி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"எங்கடி?" என்றேன்.

"இதுதான்க்கா."

"எது? துணி எங்க?"

"துணி இந்தப் பையில இருக்குக்கா. ஒரே ஒரு கவுன்தான்."

குட்டி தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்தது. இழுக்கும்போது பார்த்துவிட்டேன். இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது. வாழ்நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவளுக்கு அந்த அச்சு தெரியாதா? கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பின கதையாக நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க ஆபீஸ்ல இருந்துதான வர்றீங்க?" என்றாள் பெரியவள். "கிளினிக் சுவத்துல ஒட்டியிருக்காங்கல்ல, பிள்ளைங்கள வேலைக்கு வெச்சிருந்தா இந்த நம்பருக்குச் சொல்லுங்கன்னு. அந்தச் சுவரைத் தெனம் நான்தான் தொடைக்கிறேன். இதைப் போன மாசம்தான் கொண்டாந்து விட்டாங்க. ஓயாம அழுவுது. கூட்டிட்டுப் போயிடுங்கக்கா."

"உன் தங்கச்சியா?"

"இல்லக்கா. யாரோ."

"சரி, நீ?"

"நானா?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் பெரியவக்கா. எனக்குப் பதினெட்டு. ஐயாவே எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்காரு."

பதினெட்டாம்! அந்தக் குச்சிக் கையையும் பால் வடிகிற முகத்தையும் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிள்ளையிடமிருந்தே அவள் வயதை மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் உள்ளேயிருந்து டாக்டர் மனைவியின் குரல். "யாருடி அங்க?"

வேறு வழியில்லை. "சலவைக்கடைங்கம்மா! துணி ஏதாவது இருக்கான்னு கேக்க வந்தேன்!" என்று கத்தினேன்.

ஆபீஸ் இல்லை, வெறும் சலவைக்கடை என்று தெரிந்ததும் அந்தப் பெரியவளின் முகம் விழுந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குட்டியின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "மன்னிச்சுக்கங்கக்கா, தப்பான நம்பர் போல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து, "நம்பர் தப்பா இருந்தா என்ன, சொன்னது ஆள்கிட்டத்தான் சொல்லியிருக்க. ரெண்டு பேரையும் வெளிய கொண்டுவராம நான் கஞ்சி குடிக்க மாட்டேன், பாரு" என்று கிசுகிசுத்தேன். அவள் நம்பவில்லை. இரண்டு தலையணை உறையைச் சாக்கில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேரே கிளினிக்குக்குப் போய்த் தலைவலி என்று உட்கார்ந்தேன். சுவரில் அந்த நோட்டீஸ், அதில் சிரிக்கிற குழந்தையின் படம், கீழே கொட்டை எழுத்தில் எண். எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு டாக்டரைப் பார்க்காமலே திரும்பினேன். நடந்ததைக் கேட்ட அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னடி கேட்டேன் அவகிட்ட? சுருங்கியிருக்கான்னு கேட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு போனை எடுத்தாள். நான் உள்ளங்கையைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, அவள் சுழற்றினாள். எதிர்முனை பிஸி. மறுபடி பிஸி. டீ குடித்துவிட்டுச் சுழற்றினாள், அப்போதும் பிஸி.

"யாரோ விடாம பேசிட்டிருக்காங்கடி. ஊர்ல இத்தனை புகாரா!"

"எவனோ வேலை வெட்டி இல்லாதவன். குடு இப்படி, நான் திட்டுறேன்."

நான் வாங்கிச் சுழற்றப்போகும்போதுதான் மேசையில் கிடந்த எங்கள் கடை ரசீதைப் பார்த்தேன். பிறகு உள்ளங்கையைப் பார்த்தேன்.

"அக்கா."

"என்னடி?"

"போனை வெச்சுடலாம். பேசிட்டிருக்கிறது நாமதான். இது நம்ம நம்பர்."

சொந்த நம்பரை யார் எப்போது சுழற்றிப் பார்த்திருக்கிறார்கள்? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கக் கூடாத நேரம், ஆனாலும் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த அலுவலகத்தைத் தேடிப் பிடித்தோம். பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர், தூசு தட்டிய மேசை, மேசையில் ஒலிக்காத போன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அச்சகத்துல ரெண்டு எண்ணை இடம் மாத்திட்டான் போலிருக்கே! போனே வரலைங்க. ஊர்ல எல்லாரும் திருந்திட்டாங்கன்னு நெனச்சு மேலிடத்துக்கு அறிக்கையே அனுப்பிட்டேன்."

"நல்லா திருந்துனாங்க" என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

அதிகாரி கேட்டதெல்லாம் எளிமையான கேள்விகள். எந்த வீடு, என்ன வேலை, எந்த நேரத்தில், உடம்பில் காயம் உண்டா? கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்று சொன்னாலே போதும், நிரூபிப்பது தங்கள் வேலை என்றார். பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம், சொன்னாலும் வெளியே போகாது. இப்போதே போய் அந்த இரண்டையும் இழுத்து வந்துவிடுகிறேன் என்று நான் எழுந்தேன். அவர் என்னை உட்கார வைத்தார். "அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. அவங்க காதுக்கு எட்டுனா ஒரே மணி நேரத்துல பிள்ளைங்களை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. அப்புறம் நம்மால கண்டே பிடிக்க முடியாது."

அன்று மதியமே அவர் ஒரு பெண் போலீஸோடு போனார். சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து துணி மூட்டைமேலேயே உட்கார்ந்தார். சின்னது வெளியே வந்துவிட்டது. கைக்கு மருந்து போட்டுக் காப்பகத்தில் சேர்த்தாயிற்று. அந்த வீட்டின் மேல் வழக்கும் போட்டாயிற்று.

"பெரியவ?" என்றாள் அக்கா.

"சான்றிதழைக் காட்டுறாரு. பதினெட்டுன்னு டாக்டர் எழுதுனது. எழுதுன டாக்டரும் அவரே. பொண்ணைக் கேட்டா அவளும் பதினெட்டுன்னு சத்தியம் பண்றா. அது இருக்குற வரைக்கும் என் கை கட்டிப் போட்ட மாதிரிதான்."

"வேலியே பயிரை மேயுதே!" என்று கத்தினேன். "வேலைக்கு வெச்சவரே வயசும் எழுதலாமா?"

"கூடாது. அதுக்கு வேற வாசல் இருக்கு." டாக்டர்கள் தொழில் தவறு செய்தால் விசாரிக்க ஒரு கவுன்சில் உண்டு என்றார். அங்கே பொய்ச் சான்றிதழ் பற்றிப் புகார் பதிவானால், வேறு மருத்துவரை வைத்து வயதைப் பார்க்கச் சொல்லலாம். "ஆனா அங்க பேரில்லாம முடியாதுங்க. பேரு, விலாசம், கையெழுத்து எல்லாம் வேணும். உங்க புகாரை அவருக்கும் அனுப்பிப் பதில் கேப்பாங்க. யாரு எழுதுனாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்."

அதிகாரி எழுந்து போனார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். மூச்சுத் திணறிய அப்பாவைப் பார்க்க அழைத்த நேரமெல்லாம் ஓடிவந்தவர் அந்த மனிதர். வாய் கிழியப் பேசுகிற எனக்கே பேனாவை எடுக்கக் கை வரவில்லை. அக்கா எடுத்தாள். பார்த்ததை மட்டும் எழுதினாள், ஒரு வசவு இல்லை. "ரெண்டு வரி திட்டியாவது எழுதுக்கா" என்றேன். "திட்டுனா திட்டுக்குத்தான் பதில் வரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அதன்கீழ் நானும் போட்டேன்.

கொஞ்ச நாளில் டாக்டரே கடைக்கு வந்தார். கோட்டுகளை வாங்க எப்போதும் ஆள்தான் வரும். அவர் குரல் உயரவில்லை.

"உங்கப்பாவை நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பொண்ணு எங்க வீட்ல மூணு வேளை சாப்பிடுது. இதைப் போய்ப் பெருசு பண்ணிட்டீங்களேம்மா. புகாரைத் திருப்பி வாங்கிக்குங்க, நானும் மறந்துடுறேன்."

அக்கா கோட்டுகளை மடித்துக் காகிதத்தில் சுற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கப்பாவுக்கு நீங்க செஞ்சதை நாங்க மறக்கல டாக்டர். அது எங்க கடன், நாங்கதான் தீக்கணும். அந்தப் பொண்ணோட வயசுல இருந்து எடுத்துத் தீக்க முடியாது."

அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். அவர் படியிறங்கியதும் நான் அக்காவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். என் அக்காவா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷம் கூடப் பிறந்தும் அவளை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

விசாரணைக்கு எங்களையும் அழைத்தார்கள். நீளமான அறையில் மூன்று மருத்துவர்கள். எங்களிடம் கேட்டது கொஞ்சம்தான். அவரிடம்தான் கேட்டார்கள். எதை வைத்துப் பதினெட்டு என்று எழுதினீர்கள், பல் பார்த்தீர்களா, எக்ஸ்ரே எடுத்தீர்களா, பிறப்புச் சான்று கேட்டீர்களா? "இத்தனை வருஷ அனுபவத்துல பாத்தாலே தெரியும்" என்றார். நடுவில் இருந்த மருத்துவர் அம்மா, கூட்டிவரச் சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்த பெரியவளை உள்ளே அழைத்தார். அவள் வந்து நின்றாள். மூவரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் அதற்குப்பின் அனுபவத்தைப் பற்றிப் பேசவில்லை.

அன்றே அவளை வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், பிறகு காப்பகத்துக்கு. டாக்டரின் பதிவை நிறுத்தி வைத்தார்கள். கிளினிக் பூட்டிக் கிடந்தது. ஊரில் பாதிப் பேர் எங்களைக் கும்பிட்டார்கள், பாதிப் பேர் நன்றி கெட்டவர்கள் என்றார்கள். சிலர் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். போகட்டும் என்று விட்டோம்.

நோட்டீஸைத் திருத்தி அச்சடித்தார்கள்தான். ஆனால் பழையதை எல்லாச் சுவரிலிருந்தும் கிழிக்க யாருக்கு நேரம்? வருஷக்கணக்காக எங்களுக்கும் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அதிகாரி கேட்ட கேள்விகளை அக்கா அப்படியே கேட்டு, சரியான எண்ணுக்குச் சொல்லிவிடுவாள். போனை எடுக்கும் விதமே மாறிவிட்டது அவளுக்கு. "வணக்கம், சொல்லுங்கம்மா. துணியா, பிள்ளையா?" என்பாள். வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பட்டறையிலிருந்தும் ஓட்டலிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் வெளியே வந்தார்கள் என்று அவள் எண்ணி வைத்ததில்லை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க நான் எதையும் கொடுப்பேன்.

அதற்கெல்லாம் முன்னால், பெரியவளின் வயதுப் பரிசோதனை முடிவு வந்த அன்று, அதிகாரி எங்களையும் காப்பகத்துக்கு அழைத்துப் போனார். முற்றத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஒரு துடைப்பத்தை எடுத்து ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

அதிகாரி அவளை உட்கார வைத்துச் சொன்னார். "கண்ணு, உனக்குப் பதினெட்டு இல்ல. பதினாலு."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள்.

"அப்ப நடுவுல நாலு வருஷம் மிச்சமாக்கா?"

"மிச்சந்தான்" என்றாள் அக்கா.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"அதுல நான் என்ன வேலை செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

அவள் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்களே?"

அதிகாரி கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லாமல். அக்கா மட்டும் அழாமல் அவள் தலையைத் தடவி, "கேக்க மாட்டாங்க கண்ணு, கேக்க விட மாட்டோம்" என்றாள்.

மறுநாள் காலை காப்பகத்திலிருந்து போன். பிள்ளைகளெல்லாம் எழுந்து குளித்துச் சாப்பிட்டாயிற்று, பெரியவள் இன்னும் எழுந்திருக்கவில்லை, உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று அங்கிருந்த அம்மாள் பதறினாள்.

"காய்ச்சல் அடிக்குதா?" என்றாள் அக்கா.

"இல்லைங்க. தொட்டுப் பாத்துட்டேன். நல்லா மூச்சு விட்டுத் தூங்குது."

"அப்படின்னா எழுப்பாதீங்க" என்றாள் அக்கா. "தூங்கட்டும்."